எத்தனை பிள்ளைகள் என்பதைக் காற்புள்ளி சொல்லிவிடும்

ஒரு தாய்க்கு எத்தனை ஆண் பிள்ளைகள் என்ற தகவலை ஆங்கிலத்தில் இரண்டு காற்புள்ளிகள் சொல்லிவிடும். அந்தத் தாய் அதை வாயால் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மனுவை எழுதிக் கொடுத்தவர் அதை நினைத்திருக்க வேண்டியதும் இல்லை. கொழும்பிலோ ஜெனீவாவிலோ லண்டனிலோ அந்தத் தாளை வாசிப்பவர், குறி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து விளங்கிக்கொள்வார்.

பருத்தித்துறையில் இருந்துகொண்டு ஆங்கில இலக்கணம் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1987 மே மாத வடமராட்சி இராணுவ நடவடிக்கை, அதற்குப் பின்வந்த இந்திய அமைதிப்படைக் காலம், 1996இல் குடாநாடு முழுவதும் இராணுவத்தின் கைக்கு வந்த பின்னரான காணாமற்போதல்கள், 2006 தொடக்கம் நடந்த வெள்ளை வான் கடத்தல்கள், 2009 முள்ளிவாய்க்கால் என ஒவ்வொரு காலமும் இங்குள்ள வீடுகளில் ஒரு கடதாசிக் கட்டை விட்டுச் சென்றிருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த இலக்கம், சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி. அலுமாரியின் அடித்தட்டில், சொப்பிங் பையில் சுற்றி வைத்திருக்கும் இந்தக் கட்டில் பாதியாவது ஆங்கிலத்தில் இருக்கும். வாக்குமூலம் தமிழில் சொல்லப்பட்டது. கோப்புக்குள் போனது ஆங்கிலம்.

இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதில் ஒரு சிறு பகுதியைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது. ஆங்கில எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அம்மாமாரும் வாசித்துப் பார்க்கவேண்டும் என்பதால், ஆங்கில வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். சொற்களை விட்டுவிட்டுக் குறிகளைப் பார்த்தாலே போதும்.

ஒரு வசனம், இரண்டு குடும்பங்கள்

மை சன், ஹூ வோஸ் டேக்கன் இன் 1996, வோஸ் எ ஃபிஷர்மன்.

மை சன் ஹூ வோஸ் டேக்கன் இன் 1996 வோஸ் எ ஃபிஷர்மன்.

இரண்டையும் தமிழில் சொன்னால் ஒரே வசனம்தான் வரும்: ‘1996இல் கொண்டுசெல்லப்பட்ட என் மகன் ஒரு மீனவர்.’

ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு குடும்பங்கள். முதல் வசனத்தில் ‘ஹூ வோஸ் டேக்கன் இன் 1996’ என்ற பகுதி இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே இருக்கிறது. அது மேலதிகத் தகவல் என்று பொருள். மகன் யார் என்பது அந்தப் பகுதி இல்லாமலே தெரிகிறது. ஏனெனில் இருப்பது ஒரே மகன். இரண்டாவது வசனத்தில் குறி இல்லை. அப்படியானால் அந்தப் பகுதி அடையாளம் காட்டும் வேலையைச் செய்கிறது: பல மகன்மாரில் 1996இல் கொண்டுசெல்லப்பட்ட மகன். வீட்டில் வேறு ஆண் பிள்ளைகளும் உண்டு என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஆங்கில இலக்கண நூல்கள் முதல் வகையை ‘அவசியமற்ற கூறு’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கின்றன. இந்தப் பெயர் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். மகன் கொண்டுசெல்லப்பட்டது எப்படி அவசியமற்றதாகும்? இலக்கணம் அதைச் சொல்லவில்லை. ஆளை அடையாளம் காண அந்தத் தகவல் தேவையா என்று மட்டுமே அது கேட்கிறது. ஒரு தாயின் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய விடயம் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே நிற்கலாம். எனவே இங்கு ‘மேலதிகக் கூறு’, ‘அடையாளக் கூறு’ என்ற சொற்களையே பயன்படுத்துகிறேன். மேலதிகக் கூறுக்கு இரு பக்கமும் காற்புள்ளி. அடையாளக் கூறுக்குக் காற்புள்ளி இல்லை. விதி இவ்வளவுதான்.

தமிழ் ஏன் இதைக் காட்டுவதில்லை

தமிழில் நாம் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம். ‘கொண்டுசெல்லப்பட்ட மகன்’, ‘எரிந்த வீடு’, ‘சரணடைந்த ஆட்கள்’. பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் இடையில் எந்தக் குறியும் வராது. ஒரு மகனா, பல மகன்மாரில் ஒருவரா என்பதைத் தமிழ் வசனம் திறந்தே விட்டுவிடுகிறது. தமிழுக்கு அது குறையன்று. சொல்பவரும் கேட்பவரும் ஒரே ஊரவர்களாக இருந்தால் அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பது இருவருக்கும் தெரியும். தும்பளையில் ஒரு வீட்டைப் பற்றித் தும்பளையில் பேசும்போது இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

ஆங்கிலத்தில் அப்பகுதி பெயருக்குப் பின்னால் வருகிறது. எழுதுபவர் அந்த இடத்தில் குறி போடவேண்டும் அல்லது போடாமல் விடவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இல்லை. ஆகவே தமிழ் வாக்குமூலத்தை ஆங்கிலத்துக்கு மாற்றுபவர், தமிழில் சொல்லப்படாத ஒன்றை முடிவுசெய்தே ஆகவேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்பார்: ‘அம்மா, உங்களுக்கு எத்தனை ஆம்பிளைப் பிள்ளையள்?’ நேரமில்லாதவர் ஊகித்து எழுதுவார்.

எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரப்பட்ட விதியும் இதற்கு உதவுவதில்லை. ‘மூச்சு விடும் இடத்தில் கொமா போடு’ என்பதே பெரும்பாலானோருக்கு நினைவில் இருப்பது. தமிழ் உரைநடைக்குள் நிறுத்தக்குறிகளை முறையாகக் கொண்டுவந்த முன்னோடியாக யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைச் (1822–1879) சொல்வார்கள். வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றியவர் அவர். ஏட்டுச் சுவடிகளில் குறிகள் இல்லை. வாசிப்பவரே பிரித்து வாசிக்க வேண்டும். அச்சு வந்ததும் வாசிப்பவருக்கு வழிகாட்டக் குறிகள் தேவைப்பட்டன. தமிழ் அவற்றைப் பெரும்பாலும் அடுக்கிச் சொல்லவும் நிறுத்தி வாசிக்கவும் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் அதே குறிக்கு மூச்சுடன் தொடர்பில்லாத இன்னொரு வேலையும் உண்டு. வடமராட்சியில் ஆங்கிலக் கல்விக்குக் குறைவில்லை. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் வரலாறே மெதடிஸ்த மிசனரிமார் 1838இல் தொடங்கிய பாடசாலையிலிருந்து வருகிறது. ஆனாலும் இந்த இரண்டாவது வேலை நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குக்கூடத் தவறிப்போகிறது. ஏனென்றால் தாய்மொழியில் அதற்கு ஒப்பான ஒன்று இல்லை.

தூக்கிப் பார்க்கும் சோதனை

எந்த வசனத்தையும் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சந்தேகமான பகுதியைத் தூக்கிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அப்போதும் தெளிவாக இருந்தால் அது மேலதிகக் கூறு. இரு பக்கமும் காற்புள்ளி வேண்டும். ‘எந்த மகன்?’, ‘எந்தக் காணி?’, ‘எந்த ஆட்கள்?’ என்ற கேள்வி எழுந்தால் அது அடையாளக் கூறு, காற்புள்ளி கூடாது.

காணிப் பிரச்சினையில் இதைப் பார்க்கலாம்.

த லேண்ட்ஸ் ஒஃப் திஸ் வில்லேஜ், விச் ஆர் ஹெல்ட் பை த ஆர்மி, மஸ்ட் பி ரிலீஸ்ட்.

த லேண்ட்ஸ் ஒஃப் திஸ் வில்லேஜ் தற் ஆர் ஹெல்ட் பை த ஆர்மி மஸ்ட் பி ரிலீஸ்ட்.

இரண்டாவது வசனம் கேட்பது, ஊரின் காணிகளில் இராணுவத்திடம் உள்ள காணிகளை விடுவிக்கும்படி. முதலாவது வசனம் அதற்கு மேல் ஒரு கூற்றையும் வைக்கிறது: இந்த ஊரின் காணிகள் எல்லாமே இராணுவத்திடம்தான் உள்ளன. ஊரில் பாதிக் காணியில் மக்கள் தோட்டம் செய்துகொண்டிருந்தால் அந்தக் கூற்று பிழை. மகஜரைப் பெற்ற அதிகாரி அந்தத் தோட்டத்தைக் காட்டி, ‘உங்கள் மகஜரே சரியில்லை’ என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். கேட்ட நியாயம் மாறவில்லை. ஆனால் பேச்சு காணியை விட்டுவிட்டு மகஜரைப் பற்றியதாகிவிடும்.

‘விச்’, ‘தற்’ என்ற இரு சொற்களையும் கவனியுங்கள். காற்புள்ளி போட்டால் ‘விச்’ வரவேண்டும், ‘தற்’ வரக்கூடாது. குறி இல்லாத இடத்தில் அமெரிக்க நடை ‘தற்’ என்ற சொல்லையே விரும்பும். பிரித்தானிய நடையில் இரண்டும் வரும். இலங்கையில் நாம் பிரித்தானிய நடையையே பின்பற்றுவதால் சொல்லை நம்பியிருக்க முடியாது. குறிதான் பொருளைச் சொல்கிறது.

ஒரு கூட்டத்தையே குற்றஞ்சாட்டும் குறி

செய்தி எழுதுபவர்களும் அறிக்கை தயாரிப்பவர்களும் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது.

த வில்லேஜர்ஸ் ஹூ ஹெல்ப்ட் த ரைகேர்ஸ் வேர் சென்ற் டு எ கேம்ப்.

த வில்லேஜர்ஸ், ஹூ ஹெல்ப்ட் த ரைகேர்ஸ், வேர் சென்ற் டு எ கேம்ப்.

முதல் வசனத்தில், புலிகளுக்கு உதவிய ஊரவர்கள் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். உதவாதவர்களும் ஊரில் இருந்தார்கள். இரண்டாவது வசனத்தில் ஊர் முழுவதும் உதவியது, ஊர் முழுவதும் முகாமுக்குப் போனது. ஒரு குழந்தையும் மிச்சமில்லை. போர்க்காலத்தில் இந்த இரண்டாவது பார்வையின் விலை என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே அளவுகோல் எங்கள் பேனாவுக்கும் பொருந்தும். ‘வைத்தியசாலையை நோக்கிச் சுட்ட படையினர்’ என்பதைக் காற்புள்ளிகளுடன் எழுதினால் அங்கிருந்த படையினர் எல்லோரும் சுட்டார்கள் என்றாகும். சாட்சி கண்டது மூன்று பேரை என்றால், அவர் பெயரில் எழுதப்பட்ட ஆங்கில வசனம் அவர் காணாததைச் சொல்கிறது. குறுக்கு விசாரணையில் அகப்படுவது வசனத்தை எழுதியவர் அல்லர், சாட்சிதான். புகலிடக் கோரிக்கைகளிலும் இதுவே நடக்கும். எழுதிக் கொடுத்த கூற்றுக்கும் நேர்முக விசாரணையில் சொன்னதற்கும் இடையிலான சிறு முரண்பாடுகூட, சொல்பவரின் நம்பகத்தன்மைக்கு எதிராக எடுக்கப்படலாம். கூற்றில் ஒரே சகோதரன், நேர்முகத்தில் மூன்று சகோதரர்கள் என்று வந்தால் அதை ‘கொமாப் பிழை’ என்று விளக்க அங்கு யாரும் நேரம் தரப்போவதில்லை.

பெயர், இடம், திகதி

பெயர்களுக்கும் இதே விதிதான். குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம்.

மை பிரதர், குமார், லிவ்ஸ் இன் கனடா.

மை பிரதர் குமார் லிவ்ஸ் இன் கனடா.

முதலாவதில் சகோதரன் ஒருவரே. பெயர் மேலதிகத் தகவல். இரண்டாவதில் சகோதரர் பலர். அவர்களில் குமார் என்பவர். கணவனோ மனைவியோ பொதுவாக ஒருவரே என்பதால் அங்கு காற்புள்ளி வரவேண்டும். ஆனால் ஒற்றைப் பெயர் வரும்போது ஆங்கிலேயரே இதில் இறுக்கமாக இருப்பதில்லை. நல்ல பதிப்பகங்களின் நூல்களில்கூடக் குறியில்லாமல் பார்க்கலாம். ஆகவே சத்தியக் கடதாசியில் பெயரை வைத்து ஆட்தொகையை விளக்க முயலவேண்டாம். எண்ணை வெளிப்படையாக எழுதுங்கள்.

இடப்பெயரில் பலர் இரண்டாவது குறியை மறந்துவிடுவார்கள். ‘ஹி வோஸ் போர்ன் இன் பொயின்ற் பீட்ரோ, ஜஃப்னா, இன் 1974’ என்ற வசனத்தில் ஜஃப்னாவுக்குப் பின்னாலும் காற்புள்ளி வேண்டும். பொயின்ற் பீட்ரோ எங்கே இருக்கிறது என்று சொல்லும் மேலதிகக் கூறு அது. அமெரிக்க முறையில் மாதம், நாள், ஆண்டு என்று திகதி எழுதினால் ஆண்டுக்கு இரு பக்கமும் குறி வேண்டும். நாம் எழுதும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைக்குக் குறியே தேவையில்லை.

‘அவர் அல்ல, இவர்’ என்று மறுத்துச் சொல்லும் இடமும் இதே வகை: ‘த நேவி, நொட் த பொலிஸ், டுக் ஹிம்.’ கொண்டுசென்றது கடற்படை, பொலிஸார் அல்லர். நடுவில் உள்ளதைத் தூக்கினாலும் வசனம் முழுமையாக நிற்கிறது. வசனத்தின் நடுவே வரும் ‘ஹவ்எவர்’, ‘தேர்ஃபோர்’ போன்ற சொற்களையும் இப்படியே இரு பக்கமும் குறியிட்டுப் பிரித்து எழுதுவார்கள்.

திறந்தால் மூட வேண்டும்

மிக அதிகமாகக் காணப்படும் பிழை, ஒரு குறியைப் போட்டுவிட்டு மற்றதை மறப்பது.

மை சன், ஹூ வோஸ் டேக்கன் இன் 1996 வோஸ் எ ஃபிஷர்மன்.

இந்த வசனம் எதையும் சொல்லவில்லை. ஒரே மகனா, பல மகன்மாரா என்று இதை வைத்து யாராலும் தீர்மானிக்க முடியாது. காற்புள்ளி சோடியை அடைப்புக்குறி போல நினைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் யாரும் போவதில்லை. மேலதிகக் கூறு வசனத்தின் கடைசியில் வந்தால் மட்டும், முற்றுப்புள்ளி அந்த இரண்டாவது குறியின் வேலையைச் செய்துவிடும்.

ஒரு வசனத்தின் முடிவில் வரும் காரணத்தையும் இங்கே சேர்க்க வேண்டும்.

ஹி வோஸ் நொட் அரெஸ்டட், பிகோஸ் ஹி வோஸ் எ ஸ்டூடன்ட்.

ஹி வோஸ் நொட் அரெஸ்டட் பிகோஸ் ஹி வோஸ் எ ஸ்டூடன்ட்.

முதல் வசனத்தில் அவர் கைதுசெய்யப்படவில்லை. மாணவர் என்பது அதற்குக் காரணம். இரண்டாவது வசனத்தை, அவர் கைதுசெய்யப்பட்டார், ஆனால் மாணவர் என்பதற்காக அல்ல என்றும் வாசிக்கலாம். ஒருவர் தடுத்துவைக்கப்பட்டாரா இல்லையா என்பதே வழக்கின் மையமாக இருக்கும்போது, இந்த ஒற்றைக் குறியை நம்பி அந்த வசனத்தை விடக்கூடாது. இரண்டு வசனமாகப் பிரித்து எழுதுவதே பாதுகாப்பு.

ஒரு தூக்குக்கயிறும் ஓர் ஒப்பந்தமும்

இதெல்லாம் இலக்கண ஆசிரியர்களின் கவலை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உண்மை வழக்குகளைச் சொல்லலாம்.

ரொஜர் கேஸ்மென்ட் அயர்லாந்தைச் சேர்ந்தவர். பிரித்தானியத் தூதரக அதிகாரியாக இருந்தபோது கொங்கோவில் மக்கள் மீது நடந்த கொடுமைகளை 1904இல் வெளியான அறிக்கையில் அம்பலப்படுத்தியவர். பின்னர் ஐரிஷ் விடுதலைக்காக ஜேர்மனிக்குச் சென்று, அங்கிருந்த ஐரிஷ் போர்க் கைதிகளைத் திரட்ட முயன்றார். 1916இல் பிடிபட்டு லண்டனில் தேசத்துரோக வழக்கை எதிர்கொண்டார். வழக்கு 1351ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்தது. நோர்மன் பிரெஞ்சு மொழியில் இருந்த அந்தச் சட்டத்தின் சாரம் இது: அரசனின் நாட்டுக்குள் அவனது பகைவரோடு சேர்ந்திருத்தல், அவர்களுக்கு நாட்டுக்குள் உதவியும் ஆதரவும் அளித்தல், அல்லது வேறெங்கும்.

‘அல்லது வேறெங்கும்’ என்பது எதனுடன் சேர்கிறது என்பதே கேள்வி. கேஸ்மென்ட் செய்தவை ஜேர்மனியில் நடந்தவை. பகைவரோடு சேர்ந்திருத்தல் நாட்டுக்குள் நடந்தால்தான் குற்றம் என்று அவரது சட்டத்தரணி வாதிட்டார். அரச தரப்பின் வாசிப்பில், ‘உதவியும் ஆதரவும் அளித்தல்’ என்ற பகுதி நடுவில் வந்த மேலதிக விளக்கம். அதைத் தூக்கிவிட்டால் ‘நாட்டுக்குள் பகைவரோடு சேர்ந்திருத்தல், அல்லது வேறெங்கும்’ என்று வருகிறது. நாம் மேலே பார்த்த அதே தூக்கிப் பார்க்கும் சோதனை. நீதிபதிகள் இருவர் ஆவணக் காப்பகத்துக்குச் சென்று மூலச் சுருளையே பார்த்தார்கள். அரச தரப்பின் வாசிப்பே ஏற்கப்பட்டது. 1916 ஆகஸ்ட் 3ஆம் திகதி பென்டன்வில் சிறையில் கேஸ்மென்ட் தூக்கிலிடப்பட்டார். ‘காற்புள்ளியால் தூக்கிலிடப்பட்டவர்’ என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

இரண்டாவது வழக்கு எங்கள் உறவினர் பலர் வாழும் கனடாவில் நடந்தது. ரொஜர்ஸ் நிறுவனத்துக்கும் பெல் அலையன்ற் நிறுவனத்துக்கும் இடையில் கம்பங்களைப் பயன்படுத்துவது பற்றிய ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஐந்து ஆண்டுகள் நடைமுறையில் இருக்கும், அதன்பின் மேலும் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத் தொடரும், ஓராண்டு முன்னறிவித்தல் கொடுத்து முடிக்கும்வரை என்பது அதன் சாரம். நடுப்பகுதியின் இரு பக்கமும் காற்புள்ளிகள் இருந்தன. ஆகவே நடுப்பகுதி மேலதிகக் கூறு, முன்னறிவித்தல் உரிமை முதல் ஐந்தாண்டுக்கும் பொருந்தும் என்று கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2006இல் தீர்மானித்தது. பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை இந்தக் குறியில் தங்கியிருந்தது. 2007இல் அதே ஆணைக்குழு முடிவை மாற்றியது. காரணம், ஒப்பந்தத்தின் பிரெஞ்சுப் பிரதியில் அந்தக் குழப்பம் இருக்கவில்லை.

இந்தக் கடைசிச் செய்தியில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு மொழியில் உள்ள மயக்கத்தை இன்னொரு மொழிப் பிரதி தீர்த்துவைக்கலாம். இலங்கையில் சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியாகின்றன. ஆனால் முரண்பாடு வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று சட்டங்களின் இறுதியில் வழமையாக ஒரு பிரிவு இருக்கும். சட்டத்தில் எங்கள் மொழிப் பிரதிக்குக் கிடைக்காத அந்த இடத்தை, எங்கள் சொந்த வாக்குமூலத்திலாவது நாம் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

ஜெனீவாவின் ஒரு வசனம்

2015 ஒக்டோபர் 1ஆம் திகதி ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 30/1 தீர்மானத்தின் 6ஆம் பந்தியை எங்களில் பலர் மனப்பாடமாகவே அறிவோம். இலங்கை நீதிப் பொறிமுறை ஒன்றில் பொதுநலவாய மற்றும் ஏனைய வெளிநாட்டு நீதிபதிகள், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள், அதிகாரமளிக்கப்பட்ட வழக்குத்தொடுநர்கள், விசாரணையாளர்கள் ஆகியோர் பங்கேற்பதன் முக்கியத்துவத்தை அது வலியுறுத்தியது.

அந்தப் பந்தியின் ஆங்கில வசனத்தில், ‘இலங்கை நீதிப் பொறிமுறை’ என்பதற்கு அடுத்ததாக ‘விசேட வழக்குரைஞர் அலுவலகம் உட்பட’ என்ற பொருள்படும் பகுதி இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே வருகிறது. அதற்குப் பின்னர்தான் வெளிநாட்டு நீதிபதிகள் வருகிறார்கள். நடுப்பகுதியைத் தூக்கிவிட்டு வாசித்தால், முழு நீதிப் பொறிமுறையிலும் வெளிநாட்டவரின் பங்கேற்பு என்பது தெளிவு. இரண்டாவது காற்புள்ளி தவறிப்போனால், வெளிநாட்டவர் அந்த அலுவலகத்துக்கு மட்டும் உரியவர்கள் என்று மயங்கி வாசிக்க இடமுண்டு.

அந்தப் பந்தி நடைமுறைக்கு வராமல் போனதற்குக் காரணம் இலக்கணமல்ல. தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கிய அரசாங்கத்தின் தலைவர்களே வெளிநாட்டு நீதிபதிகளை ஏற்க மறுத்தார்கள். 2020 பெப்ரவரியில் அடுத்த அரசாங்கம் இணை அனுசரணையிலிருந்தே விலகியது. ஆனாலும், எங்களுக்கு என்ன வாக்களிக்கப்பட்டது என்பதை நாமே சரியாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், வாக்களித்தவரே பிறகு வந்து அதற்கு விளக்கம் சொல்வார்.

கையொப்பமிடும் முன்

2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவின் அமர்வுகளைக் கண்காணித்த குடிசார் அமைப்புகள், தமிழ்ச் சாட்சியங்கள் மொழிபெயர்க்கப்பட்ட விதம் பற்றிக் குறை சொல்லியிருந்தன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை ஏற்கமாட்டோம் என்று வீதியில் இருக்கும் தாய்மாருக்கும், அங்கு விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கும், வெளிநாட்டில் புகலிடம் கேட்டு நிற்கும் பிள்ளைகளுக்கும் கீழே சொல்பவை பொதுவானவை.

வாக்குமூலத்தின் தொடக்கத்திலேயே குடும்பத்தின் எண்ணிக்கையைத் தனி வசனமாகச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனையாவது பிள்ளை, இப்போது யார் யார் உயிருடன் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டால், பின்னால் வரும் எந்தக் காற்புள்ளியும் அதை மாற்ற முடியாது.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, ஒப்பமிடுவது நீங்கள். வாசிக்கும்போது ‘ஹூ’, ‘விச்’ என்ற சொற்கள் வரும் இடங்களில் நிறுத்தச் சொல்லி, ‘இதிலை எல்லாரையும் சொல்லுறியளோ, கொஞ்சப்பேரைச் சொல்லுறியளோ?’ என்று கேளுங்கள். எழுதியவர் ஆங்கிலம் நன்கு தெரிந்தவரானால் கேள்வி உடனே விளங்கும்.

தமிழில் சொன்னதன் பிரதி ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். ஆங்கிலப் பிரதியில் சந்தேகம் எழுந்தால் நீங்கள் உண்மையில் சொன்னது என்ன என்று காட்ட அது உதவும்.

எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மனுவின் ஆங்கிலம் அழகாக இருக்கவேண்டும் என்று நீண்ட வசனங்களைக் கோக்க வேண்டாம். குறியில் ஐயம் வந்தால் வசனத்தை உடைத்துவிடுங்கள். முற்றுப்புள்ளியைத் தவறாக வாசிப்பவர் எவரும் இல்லை. ‘எனக்கு மூன்று ஆண் பிள்ளைகள். இரண்டாவது மகன் மீனவர். அவரை 1996இல் படையினர் கொண்டுசென்றனர்.’ எந்த மொழிக்கு மாற்றினாலும் இந்த மூன்று வசனங்களும் அதையேதான் சொல்லும்.